அடியில் ஓர் இளம்பழுப்புப் பூச்சு

போன வியாழக்கிழமை காலை. திருப்பதியில் ஒரு வாடகைக் கடை அறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பீரோ அளவுள்ள ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம் — நண்பர் சேஷாத்ரியும் நானும்.

சுவிட்சைப் போட்டார். உள்ளே விசிறிகள் சுற்றின. முன்பக்கப் பலகையில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. அப்படியே நின்றுவிட்டன.

நிற்கக் கூடாது. ஓட வேண்டும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, மழைக்கு முந்தைய எறும்புகளைப் போல, விளக்குகள் ஓட வேண்டும். ஓடினால்தான் அதற்கு உயிர்.

இதற்கு மினி கம்ப்யூட்டர் என்று பெயர். சிரிக்காதீர்கள்! அதற்கு முந்தையவை ஒரு கல்யாண மண்டபத்தையே இடமாகக் கேட்டன. பீரோ அளவுக்குச் சுருங்கியதும் ‘மினி’ என்று செல்லமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். உங்கள் பையில் இருக்கும் போனின் மூளைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் போனைத் திறந்து, எந்த இடம் யோசிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா? இதில் முடியும். இந்த மின்சுற்றுக் கார்டு கூட்டுகிறது. இந்தக் கார்டு ஞாபகம் வைக்கிறது. இந்தக் கார்டு கதவருகே நின்று யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கிறது... ஒரு மனசைக் கழற்றி வரிசையாக அடுக்கிவைத்தது போல இருக்கும்.

சேஷாத்ரிக்கு விடிகாலையில் கோயில் கைங்கர்யம். வெயில் ஏறினால் கம்ப்யூட்டர் கைங்கர்யம். சித்தூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து, காயலான் கடை லாரியில் ஏறவிருந்த நேரத்தில் இதை மீட்டவர். மேனுவல்களைக்கூட விடவில்லை. அத்தனையையும் அள்ளி, வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார். நான் அவற்றை ஸ்கேன் செய்கிறேன். அவர் சொல்லச் சொல்ல, மிஷினின் பராமரிப்புக் குறிப்புகளை டைப் செய்கிறேன். கவிதை எழுதுகிற கைக்கு இதென்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு இது வேறு வேலையாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் குப்பம் என்ற ஊரின் கல்லூரியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஓடுகிற மிஷின் என்றால் நூலக முகப்பில் கண்ணாடி அறை கட்டி வைத்துக்கொள்வார்கள். ஓடாத மிஷினுக்கு இடமில்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கடை ஓனருக்கோ இந்த அறையில் டிபன் சென்டர் திறக்கிற அவசரம். குப்பம் இல்லையென்றால் மறுபடி காயலான் கடை... அவ்வளவுதான்.

“அஞ்சு வோல்ட் வரவேண்டிய இடத்துல அஞ்சு வோல்ட் வந்திண்டிருக்கு. கார்டு ஒண்ணொண்ணும் நன்னா இருக்கு. அப்புறம் என்ன கேடு இதுக்கு?” என்றார் சேஷாத்ரி.

“மேனுவல் என்ன சொல்கிறது?”

“ஆரோக்கியமா இருக்குன்னு சொல்றது.”

கடைசி முயற்சியாக முனிரத்தினத்துக்கு போன் போட்டோம். ஆலை ஓடிய காலத்தில் இதன் ஆபரேட்டர். இப்போது பிச்சாட்டூரில் வேர்க்கடலை போடுகிறார். மதியத்துக்குள் பஸ் பிடித்து வந்தவர், எங்களைப் பார்க்கவில்லை. நேராக மிஷினிடம் போய் அதன் தோளில் கை வைத்தார்.

“இன்னாடா, இப்புடி எளச்சிப் பூட்டே?”

“அதை அப்புறம் கொஞ்சலாம்” என்றார் சேஷாத்ரி. “கடைசியா எப்போ ஓடித்து, சொல்லும்.”

“ஆயுத பூசைக்கு மொத நாள் வரைக்கும் சூப்பரா ஓடிக்கினு இருந்துச்சு சாமி. பூசை முடிஞ்சி சுவிட்சப் போட்டா, ஏந்துக்கவே இல்ல. சரி, வயசாயிடுச்சி... பூசைய வாங்கிக்கினு நிம்மதியா பூடுச்சின்னு நெனச்சிக்கினோம். அப்புறம் ஆபீசுல புதுசு வாங்கிட்டாங்க.”

“பூஜையில என்ன பண்ணினேள்?”

“எல்லாம் மொறையாத்தான் சாமி. முன்னல்லாம் மெட்ராசுலருந்து சர்வீஸ் இன்ஜினியர் வருவாரு. கதவுக்கு மட்டும் பொட்டு வையி, உள்ள கை வெக்காதன்னுவாரு. மனசே ஆறாது எனக்கு. அந்த வருசம் அவரு காண்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சி. கேக்க ஆளில்ல!” முனிரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “ஒவ்வொரு கார்டா உருவினேன். தொடச்சேன். மேல கைப்புடிக்குக் குங்குமம். அடில பல்லு பல்லா தங்கமாட்டம் மின்னுமே... அதானே அதுக்குக் காலு? காலுக்குச் சந்தனம். நல்லா மெலிசா, தண்ணியா எழச்சி.”

“எல்லாக் கார்டுக்குமா?”

“ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வுட்டா, அது கோச்சிக்காதா சாமி?”

சேஷாத்ரி என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தேன். அவர் சொல்லி, நான் அழகாக டைப் செய்திருந்த வரி அதில் இருந்தது: ‘கார்டுகளின் அடியில், தங்க முனைகளின் மேல், ஓர் இளம்பழுப்புப் பூச்சு. தங்கம் தேயாமலிருக்கத் தயாரிப்பாளர் பூசியது. எக்காரணம் கொண்டும் அகற்றக் கூடாது.’

அகற்றாமல்தான் வைத்திருந்தோம்! தூசி தட்டும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத் தட்டினோம். மீட்டரின் ஊசி பூச்சைக் குத்திக்கொண்டு உள்ளே போனதால் சோதனை எல்லாம் பாஸ். கார்டைத் திரும்பச் செருகினால், அதன் தங்கத்துக்கும் செருகுகிற இடத்துத் தங்கத்துக்கும் நடுவே சந்தனம்; மின்சாரம் எப்படித் தாண்டும்?

முனிரத்தினம் எங்கள் முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். மெல்லப் புரிந்தது அவருக்கு.

“அப்போ... நாந்தான் சாவடிச்சேனா சாமி?”

அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷம், தன் கையால் நல்லபடியாக வழியனுப்பி வைத்ததாக நினைத்திருந்த மனுஷர்.

சேஷாத்ரி எழுந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பாதிக் கோபத்துக்கு அவர் வாயும் திறந்தது. மூடிக்கொண்டார்.

“நீர் பூசினீர். நான் அதைக் காபந்து பண்ணினேன். இந்தம்மா அதுக்கு டாக்குமென்ட் போட்டா. இதுல யாரை யார் திட்டறது? போம், அந்தப் பழைய வேஷ்டியை எடுத்துக் கிழியும்!”

மிஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஒருவர் உருவ, ஒருவர் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க, ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க. காய்ந்து ஓடாகிப்போன சந்தனம் ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டது. ஸ்பிரிட்டின் நெடியைக் கிழித்துக்கொண்டு ஒரு மணம்... என்றைக்கோ ஓர் ஆயுத பூஜை நாளின் மதியம், மூடிய ஆலையிலிருந்து நடந்து வந்து எங்கள் அறைக்குள் நின்றது. துடைக்கிற வேலையை முனிரத்தினமே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு முனையையும் குழந்தையின் காது துடைப்பதுபோலத் துடைத்தார்.

எல்லாக் கார்டுகளும் திரும்ப உள்ளே போயின. சேஷாத்ரி சுவிட்சில் கை வைத்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். போட்டார்.

விளக்குகள் எரிந்தன. நின்றன. அய்யோ என்று நான் நினைக்கும்போதே ஒன்று அணைந்தது. அதற்கடுத்தது எரிந்தது. அப்புறம்... ஓட்டம்! பலகையின் குறுக்கே சிவப்பு ஒரு நதியாக ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது.

“ஏந்துகிச்சி சாமி! ஏந்துகிச்சி!” என்று கத்திய முனிரத்தினத்தின் கை, தானாகச் சட்டைப் பைக்குள் போனது. குங்குமப் பொட்டலம்! சேஷாத்ரி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அலட்சியத்தால் பாழானவற்றுக்காக நாம் நிறையப் புலம்பியாயிற்று. அன்பால் பாழானவற்றின் கணக்கை யார் எடுப்பது? பாட்டுக்காரப் பிள்ளையைப் பாராட்டியே பாட்டை மறக்கடித்த வீடுகள் எனக்குத் தெரியும். எழுத்தாளர்களையும் தெரியும்; பெயர் சொல்ல மாட்டேன். ஒரு பொருளைக் காப்பது என்றால், முதலில் நம் பிரியம் அதன் எந்த இடத்தில் படக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான். மேல் கைப்பிடிகளில் இருந்த குங்குமப் பொட்டுகளை நாங்கள் துடைக்கவில்லை. அவை அங்கேயே இருக்கும். அவையும் அந்த மிஷினின் சரித்திரம்தானே?

வெள்ளிக்கிழமை குப்பத்திலிருந்து வந்த துறைத்தலைவி, ஓடும் விளக்குகளைக் குனிந்து நிமிர்ந்து ரசித்துவிட்டு, வேனைக் கொண்டுவரச் சொன்னார். திருத்திய ஃபைலை வாங்கிக்கொண்டு, தனிக் கவனிப்பு ஏதாவது வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார்: “ஸ்பெஷல் கேர் ஏமைனா காவாலா சார்? ஏ.சி.?”

“ஏ.சி. கூட வேண்டாம் மேடம். ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் அந்தக் கண்ணாடி ரூமைப் பூட்டிடுங்கோ.”

“பூட்டுக்காச்சும் பொட்டு வெச்சிக்கலாமா சாமி?” என்றார் பக்கத்தில் நின்ற முனிரத்தினம்.

வெகுநேரம் யோசித்து அனுமதி கொடுத்திருக்கிறார் சேஷாத்ரி — சாவி போகிற ஓட்டையில் மட்டும் கூடாதாம்!