நாற்பத்தெட்டுத் தேயிலைக் கொட்டைகள்

ஒழுங்காகக் கொழுந்து எடுக்கிற தோட்டத்தில் தேயிலைக் கொட்டை கிடைக்காது. கவாத்து வெட்டி இடுப்பு உயரத்தில் வைத்திருக்கும் செடிக்குத் துளிர்க்கவே நேரம் சரியாக இருக்கும். ஆள் இல்லாமல் விட்டுவிட்டால்தான் அது மரமாக வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து, கொட்டை விடும். எங்கள் எஸ்டேட்டில் ஆற்றோரத்து மலை முழுக்க இப்போது கொட்டைதான். ஓவேலிப் பக்கம் வந்தால் எத்தனை சாக்கு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். கேட்க ஆள் கிடையாது.

அந்தக் கொட்டையை வைத்துத்தான் நான் குழந்தைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்தேன். அந்த விஷயத்தை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் பாரம் இறங்கும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. இதற்கு முன்னால் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இறங்கவில்லை.

எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில் பதினெட்டு வருஷம் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. சிலோனிலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் அதைச் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனதும் ஆட்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்பினார்கள். தொட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு நாள் காம்பராவைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் கோவில் கமிட்டிக்கு ரோஷம் வந்தது. கீழே சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நேரம் தவறாமல் நடக்கும். எங்கள் பிள்ளைகளும் அங்கே போய் நன்றாகப் பாட்டுப் பாடி, பன் வாங்கித் தின்றுவிட்டு வந்தன. "நம்ம பிள்ளைங்களுக்கும் சாமி பாட்டு, கதையெல்லாம் சொல்லிக்குடுக்கணுமுங்க. நீங்கதான் சும்மா இருக்கீங்களே" என்று கமிட்டிக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"உனக்குத் தெரிஞ்சதே ரெண்டு பாட்டு. மூணாவது வாரம் என்ன பண்ணுவ?"

மூன்றாவது வாரம் முதல் பாட்டையே மறுபடியும் பாடினோம்.

மாரியம்மன் கோவில் முன்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் வகுப்பு. சுண்டல் இருக்கிற வாரம் பதினோரு பிள்ளைகள், இல்லாத வாரம் ஆறு. பிள்ளையார் பாட்டு ஒன்று, அம்மன் பாட்டு ஒன்று, அதற்குப் பிறகு ஒரு கதை, கடைசியில் ஏதாவது கைவேலை. மஞ்சள் பிடித்து வைப்பது, வாழைநாரில் பூத் தொடுப்பது, மாக்கோலம். மண்ணில் பிள்ளையார் செய்தால் எங்கள் மழையில் அது காயவே காயாது. அடுப்புக்கு மேலே வைத்துக் காய வைத்தால் தும்பிக்கைதான் முதலில் விழும். பிள்ளைகள் அதற்கும் சிரித்தன. எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன.

அந்தச் சிறுமி இரண்டாம் வகுப்புப் படித்தாள். எப்போதும் முன்வரிசை. என்னைத் திருத்துவதற்கென்றே வருகிறாளோ என்று எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும்.

"போன வாரம் மயிலு பச்சைன்னு சொன்னீங்க டீச்சர். இப்ப நீலம்ங்கறீங்க."

"ரெண்டும்தான் இருக்கும். பேசாம உக்காரு."

உட்காருவாள். ஆனால் மறக்கமாட்டாள்.

அவள் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். முதலில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தாள். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது. அங்கே அவளுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது, கைக்குழந்தை கூட இருக்கிறது என்று எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மூன்று நாள் சம்பளத்தில் அவள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பத்து வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கிற லைனில், தும்மினால் கடைசி வீட்டில் கேட்கிற இடத்தில், இந்தச் சேதியை அந்தக் குழந்தைக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்தோம். அவளை வளர்த்தது அப்பாவும் அவருடைய அக்காவும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகப்பன் மடியில் உட்கார வந்த பையனைச் சின்னம்மா தள்ளிவிட்டதும், அவன் காட்டுக்குப் போய் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்து சாமியையே நேரில் வரவழைத்ததுமான கதையைச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் ஒற்றைக் காலில் நின்று பார்த்து விழுந்தன. இவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டாள்.

"எத்தனை நாள் டீச்சர் நின்னான்?"

எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது? வேண்டுதலுக்கு விரதம் இருப்பவர்கள் சொல்கிற மண்டலக் கணக்குத்தான் வாயில் வந்தது. "நாப்பத்தெட்டு நாள்" என்றேன்.

"நடுவுல ஒரு நாள் விட்டிருந்தான்னா?"

"விட்டா மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

இதை நான் ஏன் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. சுண்டல் இல்லாத வாரம் பிள்ளைகள் மட்டம் போடுகின்றன, இப்படிச் சொன்னால் ஒழுங்காக வரும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. அவ்வளவுதான் என் சாஸ்திரம். அது போதாதென்று அதிலேயே அன்றைய கைவேலையையும் சேர்த்தேன். தினமும் காலையில் வீட்டில் பிள்ளையார் பாட்டை ஒரு தரம் சொல்ல வேண்டும், ஒரு தேயிலைக் கொட்டையைக் கயிற்றில் கோக்க வேண்டும். நாற்பத்தெட்டு ஆனால் மாலையாகிவிடும், மனசில் நினைத்தது நடக்கும். சாக்குத் தைக்கிற ஊசியை அடுப்பில் காயவைத்து, கொட்டைகளில் நானே ஓட்டை போட்டுக் கொடுத்தேன். விரலெல்லாம் சுட்டுக்கொண்டது.

பையன்கள் இரண்டே நாளில் கொட்டைகளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து தீர்த்தார்கள். மற்றவர்களுக்கு மறந்துபோயிற்று. மூன்றாவது வாரம் ஒரே ஒரு கயிறுதான் வகுப்புக்கு வந்தது, அதில் இருபத்தொரு கொட்டை இருந்தது.

அதற்கடுத்த வாரம் அவளுடைய அத்தை தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்தாள்.

"ஏனுங்க டீச்சர், இவளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தீங்க? காச்சல் அடிக்குது, எந்திரிக்க முடியல, அப்பவும் செவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்து பாட்டுச் சொல்லிட்டுக் கொட்டையக் கோத்துட்டுப் போய்ப் படுக்கறா. என்ன வேண்டிக்கிறன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் குடம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதே அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொங்கலுக்கு ஒருவேளை வந்தாலும் வருவாள் என்று எனக்குள்ளும் ஒரு நப்பாசை இருந்தது. நான் கிளப்பிவிட்ட கதையை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாற்பத்தெட்டாவது நாள் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் ஸ்வெட்டருக்குள் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். ஸ்டாப் என் வீட்டுக்கு எதிரில்தான். தூறல் விழுந்தது. குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். எதற்கு வந்தாய் என்று நானும் கேட்கவில்லை, நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. கூடலூரிலிருந்து வரும் ஐந்தரை மணி பஸ் ஆறு மணிக்கு வந்தது. ஆறு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கப்புறம் பஸ் இருக்குங்களா டீச்சர்?"

"இல்லம்மா. யானை வர்ற நேரம். வா, ஊட்டுல விட்டுட்டு வர்றேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். மாலையை என் மடியில் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்க டீச்சர். நாப்பத்தெட்டு இருக்கு. அம்மா வரல."

எண்ணினேன். நாற்பத்தெட்டு சரியாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. பாட்டினால் அம்மா வரமாட்டாள் என்று சொல்லலாம், இல்லை குற்றம் அவள் பேரில் என்று சொல்லலாம். முதல் வழியைச் சொன்னால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். பயந்துவிட்டேன்.

"நடுவுல எங்கயாவது தப்பு ஆயிருக்கும்மா" என்றேன்.

அவள் யோசித்தாள். அந்தக் குழந்தை யோசித்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளாகத் திரும்பிப் போய்த் தேடினாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"காச்சல் வந்த அன்னிக்கிப் பல்லு வெளக்காமப் பாட்டுச் சொல்லிட்டேன். அதுனாலயா டீச்சர்?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

பூ நறுக்க வைத்திருந்த பிளேடைக் கேட்டு வாங்கினாள். கயிற்றை அறுத்துக் கொட்டைகளைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு, அங்கேயே முதல் கொட்டையைக் கோத்தாள். அன்று காலையில் பல் விளக்கிவிட்டுத்தான் பாட்டுச் சொன்னாளாம்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று மற்றவர்களைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். நான் பிடித்தது குரங்கைவிட மோசமாக இருந்தது. "பொய்யின்னு சொல்லிப்புடு. குழந்தைகிட்ட என்ன மானம் பாக்கற?" என்றார் என் வீட்டுக்காரர். சரி என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். நாற்பத்தெட்டு நாள் கணக்கை நானாகத்தான் சொன்னேன், ஒரு நாள் விட்டால் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பதும் நான் கட்டியதுதான், சாமி பல்லையெல்லாம் பார்க்காது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

மயில் நிறத்தை மாற்றிச் சொன்னபோது பார்த்தாளே, அதே பார்வை பார்த்தாள்.

"அப்ப அம்மா எப்புடி டீச்சர் வரும்?"

நான் அவள் ரிப்பனைச் சரிசெய்யக் கையை நீட்டினேன். அவள் தலையை விலக்கிக்கொண்டு, "நீங்க சும்மா சொல்றீங்க" என்று எழுந்து போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள். அம்மாவின் சேதியை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் உரிமை அப்பாவுக்குத்தான் என்று ஒரு சாக்கு எனக்குக் கிடைத்தது. அவரிடம் போய்ச் சொன்னபோது, "நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க டீச்சர்" என்று தரையைப் பார்த்தார்.

இரண்டாவது மாலையில் இருபத்தைந்து கொட்டை ஆனபோது, அவர்கள் குடியிருந்த கீழ் லைனை எஸ்டேட்டில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கயிறு மில்லில் வேலை கிடைத்தது. பீரோவும் கட்டிலும் வேனில் ஏறியபிறகு அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கையில் அந்தக் கயிறும், துணியில் முடிந்த கொட்டைகளும்.

"இன்னும் இருவத்தி மூணு இருக்குங்க டீச்சர். நீங்க கோத்துருங்க."

"நீயே கொண்டு போயிக் கோக்கலாமே கண்ணு."

"அம்மாவுக்கு இந்த ஊருதான் தெரியும். இங்க இருந்து கோத்தாத்தான் இங்க வரும். வந்துச்சுன்னா நாங்க இருக்கற எடத்த நீங்க சொல்லிருங்க." போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். "பல்லு வெளக்கிட்டுச் சொல்லுங்க டீச்சர்."

வேன் பக்கத்தில் நின்ற அவள் அப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார்.

அதற்குப் பிறகு வகுப்புக்கு மூன்று பிள்ளைகள் வந்தன. பிறகு ஒன்று. சுண்டலுக்கு ஊறப்போடுவதை நிறுத்தினேன், கமிட்டியிலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கொட்டைகளை மட்டும் கோத்தேன். முதல் நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. ஐம்பது வயதுக்காரி அடுப்படியில் நின்று குழந்தைப் பாட்டைச் சொல்லி ஒரு கொட்டையைக் கயிற்றில் விடுவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பத்தாவது நாளுக்குள் வெட்கம் போய்விட்டது. என்னை அறியாமலே முதலில் பல் விளக்கிவிட்டுத்தான் கயிற்றைத் தொட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாததால் அவள் வேண்டியதையே வேண்டினேன்.

கடைசிக் கொட்டையைக் கோத்த அன்று சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஐந்தரை மணி பஸ் அன்று நேரத்துக்கே வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேரும் ஆம்பளைகள், மூன்று பேரும் தெரிந்தவர்கள். "யாருக்கு டீச்சர் நிக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து மாலையை எண்ணினேன். நாற்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். பிறகு ஒவ்வொரு நாளாக யோசித்துக்கொண்டு போனேன். ஒரு நாள் குளிருக்குச் சோம்பல்பட்டு, கட்டிலில் கம்பளிக்குள் உட்கார்ந்தபடியே பாட்டை முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. எழுந்து போய்ப் பிளேடைத் தேடினேன்.