குதிரை ஏற மறுத்த வண்டி

காலணித் தொழிற்சாலையில் நல அலுவலராக இருந்த ஆண்டுகளில் நான் மிகுந்த கவனத்துடன் செய்து முடித்த வேலை, குதிரைகளை ஏற்றும் இழுவைப் பெட்டிக்கு ஏற்ற ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்ததுதான். சமூகப் பணியில் முதுகலை படித்தவள் நான். ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்களின் போக்குவரத்து என் பொறுப்பில் இருந்தது. வண்டி விஷயம் தெரிந்தவள் என்று அந்த வேலையும் என்னிடம் வந்தது.

முதலாளியின் மகள் குதிரையேற்றப் போட்டிகளுக்குச் செல்பவர். குதிரைகளைப் பெங்களூருக்குக் கொண்டுபோக, வண்டியின் பின்னால் மாட்டும் இழுவைப் பெட்டி வாங்கியாகிவிட்டது; அதை இழுக்க வண்டிதான் இல்லை. "இருக்கற பிக்கப்லயே மாட்டிப் பாருங்க, புதுசு எதுக்கு?" என்றார் மேலாளர். பேரணாம்பட்டிலிருந்து எங்கள் பதனிடும் பிரிவுக்கு உப்பிட்ட பச்சைத் தோலை ஏற்றிவரும் பிக்கப் அது.

அதே சமயத்தில் இன்னொரு வண்டிக்காகவும் நான் காத்திருந்தேன். நாட்றம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பெண்கள் எங்கள் தையல் பிரிவில் இருந்தார்கள். மாலையில் நெடுஞ்சாலையில் பேருந்தை விட்டு இறங்கி, விளக்கில்லாத பாதையில் ஊர்வரை நடக்க வேண்டும். குடித்துவிட்டுப் பின்தொடர்கிறவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியிடம், வேன் வராவிட்டால் வேலையை விட்டு நின்றுவிடும்படி கணவர் சொல்லியிருந்தார். தினமும் அவள் என் அறைக்குள் தலையை நீட்டுவாள். "இன்னா மேடம், எங்க வேன் டோல்கேட்ல மாட்டிக்கிச்சா?" வேனுக்குத் தொகை ஒதுக்கியாகிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அது உண்மையும்கூட.

பிக்கப்பில் பெட்டியைப் பூட்டிய அன்று, குதிரை சாய்வுப் பலகைவரை வந்து நின்றது. மூக்கை விரித்து முன்னால் நின்ற வண்டியை மோந்தது. பிறகு பின்வாங்கி, கயிற்றைப் பிடித்திருந்த பராமரிப்பாளரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

"மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி மூஞ்சத் திருப்புது பாரு!" என்று சிரித்தார் எங்கள் ஓட்டுநர்.

"நாத்தம் அண்ணே. செத்த மாட்டு நாத்தம்," என்றார் பராமரிப்பாளர். அவர் பெங்களூர்க்காரர்.

"நாத்தமா? எங்க?" என்று ஓட்டுநர் உண்மையாகவே கேட்டார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தோல் பதனிடும் இந்த ஊர்க் காற்றிலேயே வளர்ந்த மூக்குகள் எங்களுடையவை. பினாயில் ஊற்றிக் கழுவினோம், மறுபடியும் கழுவினோம். பலகைகளில் ஊறிய உப்புநீர் போகவில்லை. பிக்கப்பைக் கழற்றிக் கண்ணுக்கெட்டாத இடத்தில் நிறுத்தியதும் குதிரை தானாகவே பெட்டிக்குள் ஏறிற்று.

வேனுக்கு ஒதுக்கிய தொகையில் பெட்டியை இழுக்கப் புது வண்டி வாங்குவதென்று அன்று மாலையே முடிவாயிற்று. "வேன் அடுத்த வருசம் பாத்துக்கலாம். பாவம், வாயில்லாத ஜீவன்," என்றார் மேலாளர். வேனுக்கான தொகையைத் தொடக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதைப் படித்ததாக மட்டும் பதில் வந்தது. அதன்பின் எனக்கு இடப்பட்ட பணி, புது வண்டியைத் தேர்ந்தெடுப்பது. அதை அரைகுறையாகச் செய்தால் துன்பப்படப்போவது குதிரை; அதற்கு இதில் பங்கில்லை. ஆகவே முறையாகவே விசாரித்தேன். இழுக்கும் சக்தியைவிட, நிறுத்தும் சக்தி முக்கியம் என்று அறிந்தேன். குதிரை பயணம் முழுவதும் நின்றபடியே வரும். ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் அதற்குப் பிடித்துக்கொள்ளக் கையில்லை. வண்டி இலேசாக இருந்தால் பின்னாலுள்ள பெட்டி ஆடி வண்டியையே அலைக்கழிக்கும். கனமான, நீளமான, பெட்டிக்குத் தனி பிரேக் இணைப்புள்ள வண்டியைப் பரிந்துரைத்தேன். மறுபேச்சின்றி வாங்கினார்கள்.

பழைய பிக்கப் சும்மா நிற்கலாமா? தார்ப்பாய் கட்டி, இருபுறமும் பெஞ்சு அடித்து, நாட்றம்பள்ளிப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்டவிரோதம் என்றேன். "பெஞ்சு போட்டாச்சு, இனிமே அது வேன்தான்," என்றார் மேலாளர்.

பணி முடிந்து பெண்கள் வண்டியருகே வந்தார்கள். தினமும் என்னிடம் வேனைக் கேட்டு வந்தவள் தார்ப்பாயை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்; முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பதப்படுத்திய தோலைத் தைக்கிற கைகள் அவர்களுடையவை. பச்சைத் தோல் அவர்கள் பிரிவுப் பக்கமே வராது.

"இது அந்தக் குதிரை வேணாம்ன வண்டிதானே மேடம்?"

ஆமென்றேன்.

"அப்போ நாங்களும் வேணாம்," என்றாள். மற்றவர்களும் அவளோடு திரும்பி நெடுஞ்சாலையை நோக்கி நடந்தார்கள். ஒருத்திகூட ஏறவில்லை. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. குதிரை மறுத்ததும் புது வண்டி வந்த இடம் அல்லவா இது?

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் அதைச் சுருக்கமாக முடித்தார். "வசதி செஞ்சி குடுத்தோம், அவங்களே வேணாம்னுட்டாங்க." அதற்குப் பிறகு வேன் என்ற பேச்சே எழவில்லை. நான் எழுப்பியபோதெல்லாம் அந்த வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

மழைக்காலம் தொடங்கி மாலை சீக்கிரம் இருட்டத் தொடங்கியபோது அவள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வேறு பிரிவு, வேறு நேரம் என்று நான் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "குதிரைங்க பெங்களூர்ல ஜெயிச்சுதா மேடம்?" என்றாள்.

ஒன்று ஜெயித்ததாகச் சொன்னேன்.

"ஜெயிக்காம? நீங்க பாத்துப் பாத்து எடுத்த வண்டியாச்சே."

அதில் கேலி எவ்வளவு என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. உட்காரச் சொன்னேன். "இல்ல மேடம், வெளிச்சத்தோட ஊர் போய்ச் சேரணும்," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.