நைனாவின் இடது பக்கம்

நைனாவின் விரல்களில் எப்போதும் வறுத்த வேர்க்கடலைத் தோலின் வாசனை இருக்கும். கே.ஜி.கண்டிகைக்கு வெளியே எங்களுக்கிருந்த மேட்டு நிலத்தில் விளைந்தது அதுதான். சட்டைப்பையிலிருந்து எடுத்து வலது கையாலேயே உடைத்து எனக்குக் கொடுத்தபடி நடப்பார். நான் அவருடைய இடது சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, மறந்தும் அந்தப் பக்கத்தை விடாமல் நடப்பேன்.

இடது பக்கம் என்னுடைய பொறுப்பு. நான் பிறப்பதற்கு முன்பே, வடக்கே பனிமலையில் நடந்த சண்டையில், அருகில் விழுந்த குண்டு அவருடைய இடது காதை அடியோடு வாங்கிக்கொண்டுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாலும் அவருக்குத் தெரியாது. "உங்க நைனாவுக்கு நீதாண்டி அந்தக் காது" என்பாள் அம்மா.

ஊருக்கு அவர் "மிலிட்டிரி". எனக்குத் தலை பின்னிவிடுகிற நைனா. அம்மா விடிவதற்கு முன்பே கூலி வேலைக்குப் போய்விடுவதால் சோறு வடிப்பதும், என் சீருடைக்கு இஸ்திரி போடுவதும், இரட்டைச்சடை பின்னுவதும் அவர்தான். பட்டாளத்தில் மூட்டை கட்டிய கை என்பதால் என் கண்கள் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும்படி பின்னுவார். சாயங்காலம்வரை ஒரு முடி கலையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். நான் வகுப்புக்குள் போய் உட்காரும்வரை அவர் கேட்டருகே நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பார்.

அந்த மனிதரைத்தான் மாமா தினமும் டீக்கடையில் கொன்றார். மாமா என்றால் அத்தையின் புருஷன். நைனாவுக்கு அக்கா வீட்டுக்காரர். நைனா அவரை "பாவா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, பெஞ்சில் இடம்விட்டு நகர்ந்து உட்காருவார். மாமாவோ தேடிப்போய் இடது பக்கமே உட்காருவார். முகத்தில் சிரிப்பு மாறாமல், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு ஆரம்பிப்பார்.

"செவுட்டு மிலிட்டிரி வந்துட்டாருபா. சண்டையில துப்பாக்கி புடிச்சாரா, சட்டி கழுவினாரான்னு யாருக்குத் தெரியும்? காது போனதுக்கு மெடலு குடுத்தானுங்க. மூளையும் போயிருந்தா ஜீப்பே குடுத்திருப்பானுங்க."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, ஏதோ நல்ல வேடிக்கை என்று நினைத்து, நைனாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு வலது காதை என் பக்கம் திருப்பிக் குனிந்து, "இன்னாம்மா சொல்றாரு பாவா?" என்று கேட்பார். "மழை வரும்ங்கறாரு நைனா" என்பேன். "ஆங், வரட்டும் வரட்டும்" என்று சந்தோஷமாகத் தலையாட்டுவார். மாமா சொன்னதைக்கூட என்றாவது மறந்திருப்பேன். நைனா கூடச் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்புக்காக மாமாவை நான் மன்னிக்கப் போவதில்லை.

வீட்டில் வந்து அழுதால் அம்மா வாயைப் பொத்துவாள். "சொல்லித் தொலைக்காத. உங்க நைனா அவரு மேல கை ஓங்கிட்டா அத்தைதான் அங்க அடி வாங்குவா. பொண்ணு குடுத்த எடத்துல பல்லைக் கடிச்சிகினுதான் இருக்கணும்." அத்தை நல்லவள். அதனால் நானும் பல்லைக் கடித்தேன். ஆனால் ஒரு சொல்லையும் கீழே விடவில்லை. மனப்பாடச் செய்யுளைவிட மாமாவின் பேச்சுதான் எனக்கு நன்றாக மனப்பாடம் ஆயிற்று.

நான் பத்தாவது தேறிய வருஷம், ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து மலையேறி இறங்கி, அடிவாரச் சத்திரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நான் பாயச வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மாமா நைனாவுக்கு இடது பக்கம்.

"பொண்ணு பாஸாம். செவுடன் பெத்தது, படிச்சிட்டு செவுட்டு ஸ்கூல்ல மணி அடிக்கப் போவுதா?"

பந்தி சிரித்தது. நைனாவும் சிரித்தார். "இன்னாம்மா சொல்றாரு?"

வாளியைக் கீழே வைத்தேன். நைனாவின் வலது பக்கம் போய் மண்டியிட்டு, மாமா சொன்னதை மாமாவின் குரலிலேயே சொன்னேன். நிறுத்த முடியவில்லை. மெடல், ஜீப்பு, சட்டி என்று டீக்கடை பெஞ்சில் சேர்த்ததையெல்லாம் பந்தி முழுக்கக் கேட்கும்படி ஒப்பித்தேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பச்சப்புள்ள, கண்டதையும் பேசுது" என்றார் மாமா.

நைனா வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார். பிறகு இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் இலையோடு எழுந்திருப்பது எங்களில் யாரும் செய்யாதது. ரசம் வழிய மாமாவைச் சுற்றி நடந்து, அவருக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தவர் தானாகவே நகர்ந்துகொண்டார். இப்போது மாமா நைனாவின் வலது பக்கம் இருந்தார்.

"இப்ப சொல்லுங்க பாவா. கேக்குது."

மாமா இலையிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நைனா பாயசம்வரை பொறுமையாகச் சாப்பிட்டு முடித்தார்.

அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தவர்களுக்கு எங்கள் நைனாவைத் தெரியாது. அதன்பிறகு கல்யாணமோ சாவோ, மாமா எங்கே உட்கார்ந்தாலும் தேடிப்போய், அவர் தன் வலது பக்கம் வருமாறு உட்காருவார். கை ஓங்கவில்லை, ஒரு சுடுசொல் இல்லை. காதை மட்டும் சாய்த்து, "சொல்லுங்க பாவா" என்று காத்திருப்பார். பேசியே ஊரைச் சிரிக்க வைத்த மனிதர் முதலில் தடுமாறினார், பிறகு ஊமையானார், கடைசியில் டீக்கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் நைனா எனக்குக் கடலை உடைத்துத் தருவார்.

போன வருஷம் நைனா இறந்தார். பஸ் ஸ்டாப்பில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு யார் பெயர், யார் படம் என்று முடிவு செய்ய, படித்தவள் என்று என்னிடமே விட்டார்கள். நடுவில் சீருடையில் நைனா. கீழே அம்மா, நான், அத்தை, பங்காளிகள், சம்பந்திகள், ஒன்றுவிட்டவர்களின் குழந்தைகள்வரை வரிசையாக நிறுத்தினேன். மாமா பேனருக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தார். அத்தைக்குப் பக்கத்தில் தேடினார். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களும் அவரோடு சேர்ந்து தேடினார்கள்.

"எம் போட்டோ விட்டுப் போச்சேம்மா" என்றார்.

"விட்டுப் போவல மாமா. விட்டுட்டேன்."

இப்போது அந்த டீக்கடை இல்லை. சாலையை அகலமாக்கியபோது பெஞ்சோடு போய்விட்டது. பேனரும் வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்து, சட்டம் மட்டும் நிற்கிறது. மாமா இன்னமும் அங்கேதான் வந்து, சட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பஸ் ஏறுகிறாராம். அத்தை வருத்தப்பட்டுச் சொன்னாள். ஏறட்டும்.