சொல்லாமல் வைத்த கல்

விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு முன்வீட்டில் இருப்பவள் ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே கற்றுக்கொண்ட ‘கோ’ விளையாட்டுப் பைத்தியத்தை எனக்கும் பிடிக்க வைத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் வீட்டு மாடியில் பலகையை விரிப்போம். எனக்குக் கறுப்புக் கல், அவளுக்கு வெள்ளை.

வைத்த கல் நகராது. அதை ஒட்டிய காலி இடம்தான் அதற்கு மூச்சு. எல்லாப் பக்கமும் எதிராளி அடைத்துவிட்டால் கல் பலகையை விட்டுப் போய்விடும். அவசரப்படுகிறவர் தோற்கும் ஆட்டம் இது. ஒரே ஒரு மூச்சு மிச்சமிருக்கும்போது “அடாரி” என்று எச்சரிப்பது புதியவர்களுக்குக் காட்டும் கருணை. அவள் எனக்குத் தவறாமல் சொல்வாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

போன வருஷம் ஒரு பில்டர் எங்கள் இடப்பக்க வீட்டை வாங்கினான். பிறகு வலப்பக்கம், அதன்பின் பின்வீடு. மூன்று பக்கமும் நீலத் தகரம் எழும்பியது. சமையலறையில் பகலிலேயே லைட் போட வேண்டியதாயிற்று. விற்க மாட்டோம் என்று நானும் என் கணவரும் ஒற்றைக்காலில் நின்றோம். பில்டரின் ஆள் சண்டையே போடவில்லை. “அவசரமில்லம்மா, நிதானமா யோசிங்க” என்று சிரித்தான்.

ரோட்டுக்குப் போக எங்களுக்கு மிச்சமிருந்தது முன்வீட்டை ஒட்டிய சந்து மட்டும். அதுவும் அவளுடைய இடம். பழக்கத்தில் நடந்துகொண்டிருந்தோம், பத்திரத்தில் எங்களுக்கு உரிமை கிடையாது.

“நீ வித்துட மாட்டியே?” என்று பலகைக்கு நடுவே கேட்டேன்.

“வித்துட்டு எங்கக்கா போவேன்?” என்றாள்.

சில வாரம் கழித்து ஒரு ஆட்டத்தில் என் கல் மூன்றைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டாள்.

“அடாரின்னு ஏன் சொல்லல?”

“நீங்க இப்ப நல்லா ஆடுறீங்கக்கா. இனிமே சொன்னா உங்களுக்குத்தான் அவமானம்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது, சந்தின் வாயில் குறுக்கே ஒருவன் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்தச் சிரிப்புக்காரன்.

“இங்க காம்பவுண்டு வருதும்மா. ரெஜிஸ்ட்ரேஷன் போன மாசமே முடிஞ்சிடுச்சு. உங்க ஃப்ரெண்டு சொல்லலியா?”

அண்ணாந்து பார்த்தேன். மாடியில் அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த துணியை உருவினாள்.

“இல்லப்பா,” என்றேன். “நான் நல்லா ஆடுறேனாம்.”