மங்கி எழுந்த வெளிச்சம்

சென்ற மாதம் பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று என் அறிவு முழுவதையும் கொட்டிக்கொண்டிருந்தேன். கூரையில் எத்தனை சூரியத் தகடுகள் பூட்டலாம், பற்றரிகளை எங்கே வைக்கலாம், அந்தப் பழைய டீசல் ஜெனரேற்றரை எப்படி வழியனுப்பலாம் என்றெல்லாம். பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தொழிலுக்கு அது நல்லது, கேட்பவர்களுக்குத்தான் கஷ்டம். அப்போது தலைக்கு மேலிருந்த விளக்குகள் ஒருதரம் மங்கி எழுந்தன. என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது:

"ஆரு போனது?"

கொழும்பிலிருந்து என்னோடு வேலைக்கு வந்திருந்த பொடியன் சுற்றிப் பார்த்தான். "ஒருத்தரும் போகல்லையே அக்கா, எல்லாரும் இங்கதானே நிக்கிறம்?"

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாசல்வரை போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முக்காட்டைச் சரிசெய்தபடி மெல்லிய குரலில் என்னிடம் கேட்டார்.

"நீங்களும் எங்கட ஊரா?"

"ஓம். நீங்க?"

"பள்ளிவாசலடி. ஆரு மௌத்து எண்டு பாக்கத்தான் போன நான். இந்தப் பழக்கம் போகுதே இல்ல புள்ள. எங்கட மாப்பிள ஏசுவாரு, உனக்கு விசர் எண்டு."

விளக்கு மங்கினால் மௌத்து, அதாவது மரணம், என்று நாங்கள் நினைப்பது உங்களுக்கு விளங்கவேண்டுமானால் எங்கள் ஊர் பவர்ஹவுஸைப் பற்றிச் சொல்லவேண்டும். வாவிக்கரையில் செங்கல் புகைக்குழாயோடு நின்ற, நிலக்கரியில் ஓடிய சின்ன மின்நிலையம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் ஐஸ் செய்வதற்காகக் கட்டினார்கள் என்று ஒரு கட்சி. துரையின் பங்களாவில் மின்விசிறி சுற்றுவதற்காகத்தான் கட்டினார்கள், மிச்சக் கரண்டை ஊருக்கு விட்டார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள். கரி ரயிலில் வந்து இறங்கும். பிறகு 'பாதை'யில், அதாவது ஆட்களும் வண்டிகளும் ஏறி வாவியைக் கடக்கும் மிதவையில், எங்கள் கரைக்கு வரும். கரி ஏற்றிய பாதையில் வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. வெள்ளை வேட்டியோடு ஏறியவர்கள் எந்த நிறத்தில் இறங்கினார்கள் என்பதுதான் கதை.

பிறகு மலைநாட்டிலிருந்து பெரிய கம்பி வந்தது. பவர்ஹவுஸ் தூங்கப் போனது. பிறகு யுத்தம் வந்தது. கம்பங்கள் விழுந்தன, ஊர் இருண்டு கிடந்தது, தூங்கியதைத் தட்டி எழுப்பினார்கள். மூலையில் கிடந்த கரி தீரும்வரை கரி, தீர்ந்தபின் அதே அடுப்பில் உமி. பொழுதுபட்டதும் எரிக்க ஏதாவது இருக்கும்வரை கரண்ட். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன்.

கரிப்புகையின் மணத்தைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். துருப்பிடித்த ஆணியை நக்கிக்கொண்டு பக்கத்தில் தீக்குச்சி கிழித்தால் எப்படியிருக்கும், அப்படி. (ஆணியை நக்கியிருக்கிறேன். சின்ன வயதில் எனக்கு எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவேண்டும்.) அந்த மணம் வந்தால் அம்மா கொடியை நோக்கி ஓடுவார். "நாசமாப்போன குழாய்! இந்த ஊரில ஒரு வெள்ளச் சட்டை போடேலாது!" காய்ந்த துணியெல்லாம் கறுப்புப் புள்ளிகள். எங்கள் பள்ளிக்கூடச் சீருடையை வெளியூர்ப் பிள்ளைகள் 'சிறுத்தைத் தோல்' என்பார்கள். ஆனால் பவர்ஹவுஸுக்குப் பின்னால் சூடான நீர் வாவியில் விழும் வாய்க்கால் இருந்தது. மார்கழி மழையில் அதற்குள் கழுத்துவரை அமிழ்ந்து கிடப்பது இருக்கிறதே, எந்த விடுதி நீச்சல் குளமும் கிட்ட வராது.

ஊர் முழுக்க எஞ்சின் சத்தம் கேட்கும். கடக், கடக், கடக். அது நடக்கும்வரை ஊருக்கு உயிர் இருந்தது.

அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு சோமு மாமா. விளக்கைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் அவர் கையில் இருந்தது. யார் தொடங்கிவைத்த வழக்கமோ தெரியாது. ஊரில் ஒருவர் இறந்தால், அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஓடிப்போய் பவர்ஹவுஸ் கேற்றில் பெயரைச் சொல்லவேண்டும். மாமா சக்கரத்தைத் திருப்புவார். ஊரிலுள்ள எல்லா விளக்கும் சிவந்த நூலாகத் தாழ்ந்து, கொஞ்சம் நின்று, எழும். எல்லோரும் வேலிப் படலைக்கு வருவோம். "ஆரு போனது?" என்ற கேள்வி வேலிக்கு வேலி போகும். பெயர் வேலிக்கு வேலி திரும்பி வரும். கோயிலடி, பள்ளிவாசலடி என்ற வித்தியாசம் அந்த விளக்குக்கு இல்லை.

என் மச்சான் ஒருநாள் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து, மூச்சிரைக்க ஓடிப்போய் வாத்தியாரின் பெயரைச் சொல்லிவிட்டான். மாமா சக்கரத்தைத் தொடவேயில்லையாம். "டேய், உன்ட வாத்தி இப்பதான் சைக்கிள்ல கிறுகிப் போறார். கூப்பிட்டு உன்னக் காட்டட்டா?"

அந்த மாலையையும் சொல்லவேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றேன். விளக்கு தாழ்ந்தது. நின்றது. எழுந்தது. படலைக்குப் போனோம். கேள்வி தெருமுனைவரை போனது. பெயர் இல்லாமல் திரும்பி வந்தது. ஊரில் அன்று யாரும் இறந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே விளக்கு முழுதாக அணைந்தது. எஞ்சின் கொஞ்சநேரம் வெறுமனே ஓடி, தடுமாறி, நின்றது.

மாமாவின் மனைவி தங்கமணி மாமி தன் படலையிலிருந்து சொன்னார்: "உமி ஈரம் போல கா. மழையில நனைஞ்சத அனுப்பியிருப்பானுகள். மறுகா வந்திரும்."

விடிந்தபோது பவர்ஹவுஸ் கேற் திறந்து கிடந்தது. உள்ளே மாமா இல்லை, அடுப்பெரித்தவரும் இல்லை. மாமி கட்டிக் கொடுத்த இரவுச் சாப்பாடு பிரிக்காமல் இருந்தது, சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது. யார் கொண்டுபோனார்கள் என்று கேட்பதே ஆபத்தான காலம். பவர்ஹவுஸ் பிறகு எரியவேயில்லை. வாசலில் ஆட்களைக் கண்டதும் தனக்கு முன்கூட்டியே மங்கவைத்துவிட்டுத்தான் சோமு போனான் என்று ஊர் தணிந்த குரலில் பேசிக்கொண்டது. மாமியின் காதுக்கும் அது போனது. அவர் பொட்டை அழிக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். "ஈர உமிக்கு ஆரும் செத்தவீடு செய்யிறயா?"

நான் வளர்ந்து தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன். முதல் விடுமுறைக்கு வந்தபோது படித்ததையெல்லாம் யாருக்காவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். விளக்கு இரண்டு விதமாக மங்கும் என்று தொடங்கினேன். நீராவி குறைந்தால் எஞ்சினே தளரும், சத்தமும் சேர்ந்து தளரும். கையால் சக்கரத்தைத் திருப்பினால் விளக்கு மட்டும் தாழும், எஞ்சின் மாறாமல் ஓடும். சொல்லிக்கொண்டு போகும்போதுதான் துருவலின் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

"அப்ப, அண்டைக்குச் சத்தம் எப்பிடி இருந்த புள்ள?"

எனக்குத் தெரியும். ஏழாம் வாய்ப்பாட்டை அந்தச் சத்தத்துக்குத் தாளம் போட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு தாழ்ந்தபோது தாளம் தப்பவில்லை. கடக், கடக், கடக். வாயைத் திறந்தேன். முதல்முறையாக நானே அதை மூடிக்கொண்டு, சிதறிய துருவலைத் தட்டில் கூட்டினேன்.

"தளர்ந்துதான் வந்த," என்றார் மாமி. "நான் கேட்ட நான்." தேங்காயை மறுபடி கையில் எடுத்தார்.

பாசிக்குடாவிலிருந்து அன்று நேரே ஊருக்குப் போனேன். புகைக்குழாய் நின்ற இடத்தில் இப்போது பிள்ளைகளின் ஊஞ்சல் ஆடுகிறது. சுடுநீர் வாய்க்காலை மூடி நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். குளிர்ந்த சீமெந்து. அம்மாவின் கொடியில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

மாமி வீட்டுக்கும் தகடு பூட்டித் தருகிறேன் என்று சொன்னேன். மிஞ்சிய பொருட்கள் இருந்தன, ஆசையும் இருந்தது.

"இது மங்குமா மகள்?"

"மங்காது மாமி! உள்ளுக்குப் பற்றரி. ஊரே இருண்டாலும் உங்கட லைற் ஆடாது."

"அப்ப வேணா."

"ஏன் மாமி?"

என்னை விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மங்காத லைற்ற வச்சிட்டு நான் என்னத்தக் காணுற? அவருக்கு ஒண்டெண்டா எனக்கு எப்பிடித் தெரியும்?"

பொழுதுபட்டுப் படலையைத் தாண்டும்போது தெருவிளக்கு ஒருதரம் மங்கி எழுந்தது. தூரத்தில் எங்கோ கம்பியில் ஒரு தென்னோலை உரசியிருக்கும். முன்பு இந்த வீதி நிறைந்துவிடும். இப்போது ஒரு வீட்டில் தொலைக்காட்சி தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது, இன்னொரு வீட்டின் ஜன்னலில் கைபேசியின் நீல வெளிச்சம். மாமி மட்டும் வெளியே வந்தார். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஆரு புள்ள போனது?"

கேட்பதற்கு அடுத்த வேலியில் யாரும் இல்லை. நான்தான் நின்றேன்.

"ஒருத்தரும் இல்ல மாமி."

"ஒருத்தரும் இல்லத்தானே," என்றார். அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே போய், இரவுச் சோற்றை அடுப்பில் வைத்தார்.