பாதியில் நிறுத்தத் தெரியாத திருச்செல்வம்

திருச்செல்வம் கீபோர்டு கட்டைகளின் மேல் வண்ணத் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தார். காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷின் பழுது பார்த்த தடித்த விரல்கள். ஒவ்வொரு தாளும் முதலில் விரலில்தான் ஒட்டியது. போனில் ஓடும் வீடியோவில் எந்த வண்ணம் மின்னுகிறதோ அந்தக் கட்டையை அழுத்த வேண்டும். அவருக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

அவர் மனைவி செல்வராணியைக் குளிப்பாட்டிவிட, குளுவாங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குத் தினமும் காலையில் வேலைக்குப் போவேன். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருப்பவள். கோயில் பஜனையில் பல வருடம் பாடியவள். இந்த நவராத்திரிக்கு ஒரே ஒரு பாட்டையாவது கோயிலில் முழுதாகப் பாடிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே கீபோர்டு வாசித்தவர் வேலை கிடைத்து சிங்கப்பூர் போய்விட்டார். அதனால் இவர் உட்கார்ந்தார்.

செல்வராணி ஒரு அடியின் நடுவில் மூச்சு வாங்க நிற்பாள். இவரும் நிற்பார். நின்றால் தொடரத் தெரியாது. பாட்டு மறுபடி முதலிலிருந்துதான் வரும்.

"என்னங்க, மறுபடியுமா? நான் சரணத்துக்கு வந்துட்டேன் லா!"

"நடுவுல எப்படி ஏறுறதுன்னு தெரியலம்மா."

"மில்லுல மெஷின் நின்னா, நின்ன எடத்துலேருந்துதானே ஓட்டுவீங்க?"

"அதுக்கு சுவிட்ச் இருக்கு. உனக்கு எங்க இருக்கு, காட்டு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தட்டினேன்.

"போனைப் பாக்காதீங்க, அவங்க வாயைப் பாருங்க" என்றேன்.

"போனைப் பாக்காட்டி கை நின்னுடுதுக்கா."

நோயாளியைத் தூக்கி உட்கார வைக்க எனக்குப் பயிற்சி உண்டு. இதற்கு இல்லை.

நவராத்திரி வெள்ளிக்கிழமை சிறிய ஆக்சிஜன் சிலிண்டரோடு கோயிலுக்குப் போனோம். எது நடந்தாலும் நிறுத்துவதில்லை என்று திருச்செல்வம் முடிவு செய்திருந்தார். பல்லவி நன்றாகவே போனது. சரணத்தின் இரண்டாம் அடியில் செல்வராணிக்கு மூச்சு முட்டியது. அவர் கண் போனிலேயே இருந்தது, வாசித்துக்கொண்டே போனார். அவள் மூச்சு வாங்கி முடித்து வாயைத் திறந்தபோது பாட்டு எங்கேயோ போயிருந்தது. ஒருமுறை சேர்ந்து பாடப் பார்த்தாள், தவறியது. பிறகு வாயை மூடிக்கொண்டாள். கடைசிவரை அவர் மட்டும்தான் வாசித்தார். கைதட்டினார்கள்.

காரில் அவள் கேட்டாள்: "கொஞ்சம் நின்னிருக்கலாம்ல?"

"நின்னா முதல்லேருந்து வருமேம்மா."

"தெரியும். ஓட்டுங்க."

மறுநாள் காலை அவளைக் குளிப்பாட்டித் தலை வாரி உட்கார வைத்தேன். கணவரைக் கூப்பிட்டாள்.

"ஒரு கட்டைய மட்டும் அழுத்திப் புடிங்க. வேற ஒன்னும் செய்யாதீங்க."

"எது?"

"அது இல்ல... அடுத்தது. ம்."

கீபோர்டில் ஆர்மோனியச் சத்தம் ஒரே நிலையில் நின்றது. அவள் ஒரு அடி பாடினாள். ஓய்ந்தாள். சத்தம் அங்கேயே இருந்தது. இன்னொரு அடி பாடினாள். மூன்றாவதற்கு மூச்சு எழவில்லை. அவள் விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கியது. போதும் என்று தலையணையை உயர்த்திச் சாய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"கைய எடுத்துடுங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. நான் அவளுக்குக் கஞ்சியை ஆற்றப் போனேன்.