கவிழ்த்து வைத்த வள்ளத்தில் தட்டிய தாளம்

கடந்த ஆடி மாதக் கடைசிச் சனிக்கிழமை மன்னார்த் தீவுக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு நான்கு வருடம் பரதம் படித்த ஜெனிற்றா அழைத்திருந்தாள். அவளுடைய ஊர்க் கோயில் திருநாளில் மாதா சொரூபத்தைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து வள்ளங்களை ஆசீர்வதிப்பார்கள். எப்போதும் பாண்ட் வாத்தியம்தான். இந்த முறை அவள் கோயில் சபையிடம் கெஞ்சி, பிள்ளைகளின் நடனத்துக்கு ஏழு நிமிடம் வாங்கியிருந்தாள்.

"நான் பாடுறன். நீ வந்து தட்டு" என்றாள். மரப்பலகையில் கோலால் தாளம் தட்டும் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். தட்டுவது மட்டும் என்றதால் வெளிக்கிட்டேன்.

வவுனியாவில் காலை 6.15 பஸ், 340 ரூபாய், இரண்டேகால் மணித்தியாலம். இடப்பக்க யன்னல் கிடைத்தால் விடாதீர்கள். உயிலங்குளம் தாண்டி வயல்கள் முடிந்ததும், தீவுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர். அன்று வானமும் அதே நிறம். பஸ் எதன் மேல் ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் வலையோடு நின்ற ஒருவர், வானத்தில் முழங்காலளவு இறங்கி நிற்பதுபோல் இருந்தார்.

மன்னார் டவுனில் தலைமன்னார் பஸ் எடுத்தேன். 110 ரூபாய், நாற்பது நிமிடம்.

"எங்க இறங்கப் போறியள் தங்கச்சி?" என்றார் நடத்துனர். சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ. உங்கட கதையச் சோளகம் கொண்டு போட்டுது."

சோளகம் என்பது அந்த மாதங்களில் வீசும் தென்மேல் காற்று. அது எதையெல்லாம் கொண்டுபோகும் என்று பதினொரு மணிக்குத்தான் விளங்கியது.

கடற்கரையில் ஒத்திகை. எட்டுப் பிள்ளைகள். பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, கையோடு சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். அரை நிமிடத்தில் எல்லாம் குலைந்தது. மூன்று மாதமாகக் கோயில் மண்டபத்துச் சீமேந்து நிலத்தில் பழகியவர்கள். முன்வரிசையின் பாதச் சத்தத்தைக் கேட்டுத்தான் பின்வரிசை ஆடியிருக்கிறது. மணலில் பாதம் ஊமை. அலையோரத்து ஈரமணலுக்கு மாற்றினோம்; கால் புதையவில்லை, ஆனால் எழுந்த கொஞ்சச் சத்தத்தையும் சோளகம் கொண்டுபோனது. பலகையை மணலில் வைத்துத் தட்டினால் தலையணையில் தட்டியதுபோல் இருந்தது. இருந்த ஒரே மைக் ஜெனிற்றாவின் பாட்டுக்கு.

சபையின் சார்பில் பார்க்க வந்த அந்தோனி மூப்பர் ஒளித்து மறைக்கவில்லை. "பிள்ளை, பின்னேரமும் இப்பிடியெண்டா வாற வருசம் பாண்ட்தான். பேந்து என்னட்டக் கேக்கப்படாது."

ஜெனிற்றா பலகையைத் தூக்கி அதிலிருந்த மணலைத் தட்டினாள். நான் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு பைபர் வள்ளத்தில் சாய்ந்தேன். கையிலிருந்த கோல் அதில் பட்டது. டங்! எட்டுப் பிள்ளைகளும் திரும்பினார்கள்.

அது ஜெனிற்றாவின் அண்ணன் றொசானின் வள்ளம். அடியில் ஒட்டுப்போடக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில்தான் நின்றார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தடவை தட்டிக் காட்டினேன்.

"அடியுங்கோ, அடியுங்கோ" என்றார் அவர். "ஓட்டை விழுந்தா நாளைக்கு நீங்கதான் கடலுக்குப் போகோணும்."

மூப்பர் விடவில்லை. அந்த ஊரில் ஆசீர்வாதத்துக்கு எல்லா வள்ளமும் நிமிர்ந்து, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். "கவிண்ட வள்ளத்துக்கு என்னெண்டு தீர்த்தம் தெளிக்கிறது? உள்ளுக்க விழவேணுமெல்லோ?"

"முதுகில விழட்டும் மூப்பர். முதுகுதானே வருசம் முழுக்கத் தண்ணிக்க கிடக்குது" என்றார் றொசான்.

மூப்பர் தலையைச் சொறிந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் சொரூபம் வந்தது. கொடி கட்டிய வள்ளங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கவிழ்ந்து கிடக்க, அதன் பக்கத்தில் முழங்காலில் நின்று தட்டினேன். என் வாழ்நாளில் நான் இவ்வளவு சத்தம் போட்டதில்லை. வள்ளத்துக்குள் அடைபட்டிருந்த காற்று ஒவ்வொரு அடியையும் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. பிள்ளைகளின் பாதம் அதில் ஏறிக்கொண்டது. வெயில் சரிந்து ஈரமணல் கண்ணாடியானபோது, ஒவ்வொரு பிள்ளைக்குக் கீழும் இன்னொரு பிள்ளை தலைகீழாக ஆடினாள். பதினாறு பேரும் ஒரே தாளத்தில். ஏழு நிமிடம் எங்கே போனது என்று இப்போதும் தெரியவில்லை.

பங்குக் குருவான சுவாமி வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். கவிழ்ந்த வள்ளத்தின் முன் ஒரு கணம் நின்றார். பிறகு அதன் முதுகில் தெளித்தார். என் கோலிலும் இரண்டு துளி விழுந்தது.

மறுநாள் காலை பஸ் ஏற நின்றபோது மூப்பர் சைக்கிளை நிறுத்தினார். "வாற வருசம் ஆரின்ர வள்ளத்தக் கவிழ்க்கிறது எண்டு இப்பவே சண்டை பிடிக்கிறாங்கள். எனக்குத்தான் தலையிடி" என்றார். தலையிடிக்காரரின் முகமாக அது இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆடியில் வெயிலும் காற்றும் கடுமை, தொப்பி நிற்காது, துணியால் தலையைக் கட்டுங்கள். தலைமன்னாரிலிருந்து மன்னாருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவையுங்கள். திருநாள் அன்று மடித்து வைத்த மாற்றுடுப்பு ஒன்று வேண்டும், ஈரமாகாமல் திரும்ப முடியாது. என்னைப்போல் தட்டப் போகிறீர்கள் என்றால் பலகையைச் சுமக்க வேண்டாம். கோலை மட்டும் கொண்டுபோங்கள்.